இருபதாயிரமும் இருபதாயிரமும்

இருபதாயிரம் தேங்காயும் இன்னொரு இருபதாயிரம் தேங்காயும் சேர்ந்தால் எத்தனை? பள்ளிக்கூடத்துப் படி ஏறாத ஈத்தாமொழித் தோப்புக்காரரும் நாற்பதாயிரம் என்பார். டர்போ சி-யில் சாதாரண 'இன்ட்' போட்டுக் கூட்டினால் மைனஸ் 25,536 என்கிறது. தோப்புக்காரர் ஒரே நொடியில் கடன்காரர்! காரணம் எளிது. அது 16 பிட் காலத்துச் சரக்கு. அதன் 'இன்ட்' 32,767-ஐத் தாண்டினால் தலைகுப்புற விழும்.

டர்போ சி வந்தது 1987-ல். நம் கல்லூரிகளில் கொடிகட்டிப் பறந்த டர்போ சி++ 3.0 வந்தது 1991-ல். போர்லாண்டு கம்பெனியின் அருமையான படைப்பு. நீலத் திரையிலேயே எழுதலாம், பிழை பார்க்கலாம், ஓட்டலாம். டாஸ் காலத்துக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சி++ மொழிக்கு உலகத் தரம் வகுத்ததே 1998-ல்தான். அதற்கும் ஏழு வருடம் மூத்ததை, 2005-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் தலையில் கட்டுகிற லேப்கள் இன்னமும் உண்டு.

பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். செகண்ட் ஹேண்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார்.

"மாமா, எஸ்டிடிஐஓ டாட் எச் ஃபைலைத் திறக்க முடியலைன்னு வருகு. சார்ட்ட கேட்டா, கம்ப்யூட்டர் பழசுடே, புதுசு வாங்குங்காரு."

வியாதி ஒன்று, மருந்து வேறொன்று. டர்போ சி-யை டி டிரைவில் போட்டிருந்தான்; 'டைரக்டரீஸ்' என்ற இடத்தில் பாதை சி டிரைவைக் காட்டிக்கொண்டிருந்தது. இன்க்ளூட், லிப் இரண்டு வரியையும் திருத்தினால் தீர்ந்தது. ரெண்டு நிமிஷ வேலை. இதற்காகவா அம்மா கழுத்துச் செயின் அடகுக்குப் போக வேண்டும்?

போயிருந்தால் கூத்து இன்னும் பெரிசு. 64 பிட் விண்டோஸ், 16 பிட் புரோகிராமை வாசல்படியே மிதிக்க விடாது. டாஸ்பாக்ஸ் என்று ஒன்றை நிறுவி, பொய்யாக ஒரு டாஸ் உலகம் சமைத்து, 'மவுண்ட்' என்று மந்திரம் சொல்லி அதற்குள் இதை உட்கார்த்த வேண்டும். புது மெஷின் வாங்கி அதைப் பழைய மெஷின் வேஷம் போட வைப்பது! கேட்டால் கணிப்பொறிக் கல்வி.

அதே 1987-ல்தான் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிசிசி கம்பைலரை வெளியிட்டார். காசு கிடையாது. இன்றுவரை புதுப்பித்து வருகிறார்கள். அந்தப் பையனின் பழைய கம்ப்யூட்டரிலேயே, எடை குறைந்த ஒரு லினக்ஸைப் போட்டால் சமர்த்தாக ஓடும். தேங்காயும் நாற்பதாயிரம்தான் வரும். பழசு மெஷின் அல்ல ஐயா, பாடம்!

'வாய்டு மெயின்', 'கிளியர் ஸ்கிரீன்', 'ஐஓஸ்ட்ரீம் டாட் எச்' என்று மனப்பாடம் பண்ணியவன் சென்னையிலோ பெங்களூரிலோ நேர்முகத் தேர்வில் அதையே எழுதுகிறான். எதிரே இருப்பவர் உதட்டோரம் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு பாடம் நடத்தியவருக்குச் சேர வேண்டியது. வாங்கிக்கொள்வது பால் வெட்டுகிறவர் மகன்.

சிலபஸ் அப்படி என்பார்கள். தமிழ்நாட்டுப் பிளஸ் ஒன் புத்தகம் 2018-ல் டெவ் சி++ சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. அடுத்த வருடம் பிளஸ் டூ பைத்தானுக்கு மாறிற்று. பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் மாற முடிந்தால், லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கும் கல்லூரிக்கு என்ன நோக்காடு?

மாமன் சொத்து மருமகனுக்கு என்ற வழக்கத்தைக் கவிமணி பாடியே கிழித்தது இதே நாஞ்சில் நாட்டில். பரம்பரைச் சொத்துமுறையையே தூக்கிப்போட்ட மண் இது. சீனியர் பென் டிரைவிலிருந்து ஜூனியர் பென் டிரைவுக்கு வாரிசு உரிமையாக இறங்கி வரும் ஒரு கம்பைலரைத் தூக்கிப்போட நமக்கு வலு இல்லையா? லேபில் ஜிசிசி-யை ஏற்ற ஒரு பகல் போதும். மனசு வரணும்.