முதுகு வலியும் முன்ஜென்ம வினையும்

குடியாத்தத்திலோ, பேரணாம்பட்டிலோ, ஆம்பூரிலோ நாற்பது வயது தாண்டிய பத்துத் தொழிலாளிகளை நிறுத்தி, "உடம்பில் வலியில்லாதவர் யார்?" என்று கேட்டால் எத்தனை கை தூக்கப்படும் என்பது நமது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. குழித்தறியில் உட்கார்ந்து நாளெல்லாம் லுங்கி நெய்பவருக்கு இடுப்பு வலி. ஈரத்தோலைத் தூக்கிப் புரட்டுபவருக்கு முதுகு வலி. முறத்தை மடியில் வைத்துத் தலை நிமிராமல் பீடி சுற்றும் பெண்ணுக்குக் கழுத்தும் விரலும் வலி. காரணம் கேட்டாலோ, ஒருவர் வாயு என்கிறார். ஒருவர் சனி என்கிறார். மற்றொருவர் முன்ஜென்ம வினை என்கிறார். தொழில் என்று சொல்பவர் வெகு சிலரே.

இது நம்மூர் சங்கதி மட்டுமல்ல. எலும்பு, மூட்டு, தசைக் கோளாறுள்ளவர்கள் உலகில் சுமார் 171 கோடிப் பேர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது. 2020இல் இடுப்பு வலிக்காரர்கள் மட்டும் சுமார் 62 கோடி. அத்தனை பேரும் முன்ஜென்மத்தில் ஒரே பாவத்தையா செய்தார்கள்?

இத்தாலி தேசத்து வைத்தியர் ராமஸ்ஸினி என்பவர் 1700இலேயே தொழிலாளர் வியாதிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, நோயாளியிடம் "உன் தொழில் என்ன?" என்று வைத்தியர் கேட்க வேண்டும் என்றார். நம் ஜோசியரோ இன்றும் "உன் நட்சத்திரம் என்ன?" என்றுதான் கேட்கிறார்!

நாற்காலியில் அசையாதிருக்கும் முதலாளிக்கும் முதுகு வலி வரும். இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர் எழுந்து நடக்கலாம், படுக்கலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவள் எழுந்தால் அன்றைய கூலி குறையும். வலியை விதி என்று அவள் நம்பும் வரையில் யாருக்கு லாபம்? கயிறு மந்திரிப்பவனுக்கும், கூலி கொடுப்பவனுக்குமே லாபம்.

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2010இல் திருத்திய தொழில் வியாதிப் பட்டியலில் தசை, மூட்டு நோய்களும் இருக்கின்றன. கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார ஆசனம் தர வேண்டுமென்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் வந்தது. நல்ல காரியமே. ஆனால் வீட்டுத் திண்ணையையே தொழிற்சாலையாக்கிக் கொண்டவளுக்கு எந்த ஆசனம், எந்த ஓய்வு?

வலிக்காரத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்பட்ட இடுப்பு வலிக்குத் தேகப்பயிற்சியையும், நோயைப் பற்றிய விளக்கத்தையும் உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் சிபார்சு செய்தது. இடுப்புப் பட்டையை வழக்கமாகக் கட்ட வேண்டாம் என்றது. ஒரே நாளில் வலி பறக்கும் என்று விற்கும் பெயரில்லாப் பொடிகளை நம்பாதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்து, எலும்பைக் கெடுப்பதுண்டு. கால் மரத்தாலோ, பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆனால் மருந்து மட்டும் போதாது. தூக்கும் சுமைக்கு அளவு, உட்காரத் தக்க பலகை, இடையிடையே நிமிர நேரம், அதனால் குறையாத கூலி ஆகிய இவற்றைச் சங்கமாகக் கூடிக் கேட்க வேண்டும். நவக்கிரகத்தைச் சுற்றி வந்தவர் எவருக்கும் தறிக்குழியின் அளவு மாறியதில்லை. மனிதன் வெட்டிய குழியை மனிதன்தான் மாற்ற வேண்டும்.