'மொட்டைக் கோல்' என்று வெட்டிவிடாதீர்கள்!



கடந்த கமிட்டிக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. இலக்கத்தை மறைத்துக்கொண்டு வரும் தொலைபேசி அழைப்புகளை இனிமேல் சங்கத்தில் யாரும் எடுக்க வேண்டாம் என்பதே அந்த யோசனை. "நியாயம் கேக்கிறவன் நம்பரக் காட்டிப் பேசட்டும். மொட்டைக் கோலுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருக்க நமக்கு நேரமில்ல" என்று ஒரு தலைவர் சொன்னார். பலர் கைதட்டினார்கள். நாங்கள் தட்டவில்லை. தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே சங்க வேலையும் பார்க்கிற எங்களுக்கு இந்த யோசனை பெரிய தவறாகப் படுகிறது. ஏன் என்பதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறோம்.

முதலில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம்.

ஒரு தோட்டத்தில் மழைக்கு லயத்துக் கூரை ஒழுகியது. காம்பராவுக்குள் பிள்ளைகள் படுக்க இடமில்லை. ஒரு தொழிலாளி தன் போனிலிருந்தே தோட்டக் காரியாலயத்துக்குப் பேசி, தகரம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அடுத்த நாள் காலை பெரட்டுக்களத்தில் எல்லோரும் நிற்கும்போது ஒரு உத்தியோகத்தர் கடதாசியில் எழுதி வைத்திருந்த இலக்கத்தைச் சத்தமாக வாசித்து, "இது யாரோட நம்பர்?" என்று கேட்டார். யாருடையது என்று அவருக்கே தெரியும். எல்லோருக்கும் காட்டுவதற்காகக் கேட்டார். அன்றிலிருந்து அந்தத் தொழிலாளிக்குத் தூரத்து மலைதான். கைக்காசு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய மனைவியை வர வேண்டாம் என்றார்கள். கூரை அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்த லயத்திலிருந்து ஒரு முறைப்பாடும் சங்கத்துக்கு வரவில்லை. குறை தீர்ந்ததால் அல்ல, வாய் மூடியதால்.

மற்றது, வேறொரு தோட்டத்தில் நடந்தது. ஒரு நாள் பொழுதுபட்ட நேரம் எங்கள் போன் அடித்தது. திரையில் இலக்கம் விழவில்லை. எடுத்தோம். ஒரு பெண்ணின் குரல். "டீச்சர், பேர மட்டும் கேக்காதீங்க. சொன்னது நான்னு தெரிஞ்சா இங்க இருக்க முடியாது. கொழுந்து நிறுக்கிற தராசு சரியில்ல. வந்து பாருங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டார். நாங்கள் பெயர் தேடி அலையவில்லை. தோட்டத் தலைவரைக் கூட்டிக்கொண்டு, கடையில் வாங்கிய 10 கிலோ அரிசிப் பையோடு கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போனோம். தராசு 9 கிலோ காட்டியது. அந்தத் தோட்டத்தில் அப்போது ஒரு பேருக்குக் கேட்ட அளவு 18 கிலோ. 18 பறித்தவளுக்கு 16 என்று எழுதி அரைப்பேர் போட்டிருக்கிறார்கள். அந்த வாரமே தராசு மாறியது. யார் சொன்னது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

அன்றைக்கு நாங்கள் அந்த அழைப்பை 'மொட்டைக் கோல்' என்று வெட்டியிருந்தால், அந்த மலையில் கொழுந்தெடுக்கும் அத்தனை பெண்களுக்கும் இன்னும் அரைப்பேர்தான்.

கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை செய்பவர் முதலாளிக்கு எதிராகப் பேசினால் வேலை போகலாம். ஆனால் சாயங்காலம் அவர் தன் வீட்டுக்குத்தான் போவார். நமக்கு அப்படியில்லை. வேலையும் தோட்டத்தின் கையில், காம்பராவும் தோட்டத்தின் கையில். தண்ணீர்ப் பைப்பும், பிள்ளைக் காம்பராவும், ஆஸ்பத்திரிக்குப் போகிற லொறியும் அவர்கள் கையில். ஒருவருடைய போன் இலக்கம் தோட்டக் காரியாலயத்தின் புத்தகத்தில் இருக்கிறது, ரீலோட் போடும் கடைக்காரரிடம் இருக்கிறது, பிள்ளைகளின் பாடசாலையில் இருக்கிறது. தோட்டத்தில் இலக்கம் தெரிந்தால் ஆள் தெரியும், ஆள் தெரிந்தால் குடும்பமே தெரியும். இந்த நிலைமையில் இருப்பவரிடம் போய் "நம்பரக் காட்டு" என்பது, "உன் காம்பராவைப் பணயம் வை" என்பதற்குச் சமம்.

மறைந்து பேசுவது கோழைத்தனம் என்கிறார்கள். நம் இயக்கத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். வெளியாள் எவரும் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாதிருந்த காலத்தில் கோ. நடேசய்யர் எப்படி உள்ளே வந்தார்? புடவை வியாபாரியாக வேடம் போட்டு வந்தார். லயம் லயமாகப் போய் நம் முன்னோர் பட்ட பாட்டைப் பார்த்து உலகத்துக்கு எழுதினார். தோட்டத் தொழிலாளருக்கென்று 1931இல் சங்கம் கட்டியவரும் அவர்தான். யார் என்பதை மறைத்து வந்தவரைக் கோழை என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். அந்தக் காலத்தில் தொழிலாளியின் கடனை எழுதிய 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. ஆளை அடையாளம் காட்டிக் கட்டிப்போட்ட அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிந்தது. அடையாளம் யார் கையில் இருக்கிறது என்பது நமக்குப் பழைய பிரச்சினை. துண்டு போய்விட்டது, இப்போது போன் இலக்கம் அந்த வேலையைச் செய்கிறது.

"பொய் முறைப்பாடு வருமே? பகை தீர்க்கப் பேசுவார்களே?" என்று கேட்கிறார்கள். வரும். இலக்கத்தோடும் வரும், இலக்கம் இல்லாமலும் வரும். முறைப்பாடு உண்மையா என்று பார்க்க இலக்கம் எதற்கு? தராசு இருக்கிறது, செக்ரோல் இருக்கிறது, சம்பளத் துண்டு இருக்கிறது. சேமலாப நிதிக்கு நம்மிடம் 8 வீதம் கழித்து, நிர்வாகம் 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டவில்லை என்று ஒருவர் மறைந்து சொன்னால், கணக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். பொய் என்றால் அங்கேயே விழுந்துவிடும். சோதித்துப் பார்க்கச் சோம்பல்படுகிறவர்கள்தான் சொன்னவரின் பெயரைக் கேட்கிறார்கள்.

இன்னொரு கேள்வி நியாயமானது. அதை மாதர் சங்கத் தோழியர்கள் எழுப்பினார்கள். இரவு 11 மணிக்கு இலக்கத்தை மறைத்துக்கொண்டு பேசி அசிங்கம் சொல்கிறார்கள், கடன் வசூலிக்கிறவர்கள் மிரட்டுகிறார்கள், சங்கத்தை விட்டுப் போகச் சொல்கிறார்கள், இதற்கும் நீங்கள் ஆதரவா என்று. இல்லை, ஒருபோதும் இல்லை. பயந்து மறைவது வேறு, பயமுறுத்த மறைவது வேறு. ஒருவர் தன்னைவிடப் பலமானவரிடமிருந்து தப்ப மறைகிறார். மற்றவர் தன்னைவிடப் பலவீனமானவரை அடிக்க மறைகிறார். அப்படி மிரட்டும் அழைப்பு வந்தால் வாக்குவாதப்பட வேண்டாம். திகதியும் நேரமும் எழுதி வையுங்கள், திரையைப் படம் பிடித்து வையுங்கள், அதோடு பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். பெண்கள் 1938க்கும், பிள்ளைகள் சம்பந்தப்பட்டதென்றால் 1929க்கும் பேசலாம். தனியாகப் போகப் பயமென்றால் சங்கம் கூடவே வரும்.

ஏனென்றால் இலக்கத்தை மறைப்பது முழுமையான மறைவு அல்ல. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அழைக்க வேண்டிய இலக்கத்துக்கு முன்னால் #31# என்று சேர்த்து அழுத்தினால் அந்த ஒரு அழைப்புக்கு மட்டும் நம் இலக்கம் மறையும். எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கே இது தெரியும். ஆனால் மறைவது எதிர்ப்பக்கத்தின் திரையில் மட்டும்தான். அழைப்போடு நம் இலக்கமும் போகிறது, 'காட்டாதே' என்ற குறிப்பும் கூடப் போகிறது. தொலைபேசிக் கம்பெனியின் பதிவில் எல்லாம் இருக்கும். சட்டப்படி கேட்டால் பொலிசுக்குக் கிடைக்கும். மிரட்டுகிறவர் இதை நினைத்துப் பயப்படட்டும். முறைப்பாடு சொல்கிறவர் பயப்பட வேண்டியதில்லை, தோட்டக் காரியாலயம் நினைத்தவுடன் எடுக்கக்கூடிய பதிவு அல்ல அது.

இன்னும் சில விஷயங்களில் கவனம் தேவை. எல்லா இணைப்புகளிலும் இந்த வசதி வேலை செய்யாது. முதலில் வீட்டில் உள்ள இன்னொரு போனுக்கு அழைத்து, இலக்கம் விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். குறுஞ்செய்தியிலும் வட்ஸ்அப்பிலும் இப்படி மறைக்க முடியாது. இலக்கத்தை மறைத்தாலும் குரல் மறையாது. பத்துக் காம்பரா லயத்தில் யாருடைய குரல் யாருக்குத் தெரியாது? ஆகவே காரியாலயத்துக்கு மறைந்து பேசுவதைவிடச் சங்கத்துக்கு மறைந்து பேசுங்கள். மற்றது, இலக்கம் இல்லையென்றால் நாங்கள் திருப்பி அழைக்க முடியாது. எந்த மலை, எந்த நாள், எவ்வளவு என்பதை முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைந்த அழைப்பால் ஒரு தராசை மாற்றலாம். சம்பளத்தை மாற்ற முடியாது, காணியையும் வீட்டையும் வாங்க முடியாது. அதற்குப் பெயரும் கையெழுத்தும் வேண்டும். சங்கத்தில் இருந்ததற்காகவோ சங்க வேலை செய்ததற்காகவோ மட்டும் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்று கைத்தொழில் பிணக்குகள் சட்டம் சொல்கிறது. 1999இல் வந்த திருத்தம் அது. ஆனால் தனியாக நிற்கிறவருக்குச் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, நூறு பேராய் நிற்கிறவர்களுக்குத்தான் கையில் இருக்கிறது. ஒருவர் கையெழுத்திட்ட பெட்டிசத்துக்குப் பழி வாங்கலாம். மலை முழுக்கக் கையெழுத்திட்டால் யாரைத் தூரத்து மலைக்கு அனுப்புவது? மறைந்து பேசிய அந்தப் பெண்ணும் ஒரு நாள் முன்வரிசையில் நின்று பேச வேண்டும் என்பதே எங்கள் ஆசை. அதற்கு முதலில் நாம் அவருடைய அழைப்பை எடுக்க வேண்டும். இலக்கம் காட்டாதவரை நம்பாத சங்கத்துக்கு, அவர் எதை நம்பி இலக்கத்தைக் காட்டுவார்?

ஆகவே அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நாங்கள் இவற்றைக் கேட்கப் போகிறோம்:

1. சங்கக் காரியாலயப் போனிலும் தலைவர்மாரின் போன்களிலும் மறைந்த இலக்கங்களைத் தடுக்கும் வசதி போடப்பட்டிருந்தால் அதை எடுத்துவிட வேண்டும்.

2. இலக்கம் இல்லாமல் வரும் ஒவ்வொரு முறைப்பாட்டையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி, இரண்டு வாரத்துக்குள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

3. முறைப்பாடு செய்தவரின் பெயரோ இலக்கமோ தெரிந்திருந்தாலும், அவர் சம்மதம் இல்லாமல் நிர்வாகத்திடம் சொல்லக் கூடாது. துரையோடு தேத்தண்ணி குடிக்கும்போது வாய் தவறினாலும் அது துரோகமே.

4. தொழிலாளியின் இலக்கத்தைப் பெரட்டில் வாசிப்பது போன்ற பழிவாங்கல் நடந்தால், அதைத் தனி மனிதர் பிரச்சினையாக விடாமல் சங்கத்தின் பிணக்காக எடுக்க வேண்டும்.

கைதட்டிய தலைவர்மாருக்கு எங்களுக்குக் கோபமில்லை. ஒரு கேள்விதான். நம் தொழிலாளி தன் குறையைச் சொல்ல ஏன் ஒளிய வேண்டியிருக்கிறது? வெட்கப்பட வேண்டியது ஒளிகிறவரா, அவரை ஒளிய வைத்த நிர்வாகமா, அவருக்குத் துணை நிற்கத் தவறிய நாமா?

போன் அடித்தால் எடுங்கள், தோழர்களே. திரையில் இலக்கம் இல்லாவிட்டாலும் எடுங்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவர் நம்மவர்.