எண்ணூர் சாம்பலில் அரிய உலோகம்: எடுத்தபின் மிச்சம் எங்கே போகும்?

வட சென்னை அனல்மின் நிலையச் சாம்பல், தண்ணீரோடு கலந்து குழாய் வழியே சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய் உடைந்தால் கொசஸ்தலை ஆற்றில்தான் கலக்கும். மீனவர்கள் பல வருஷமாகச் சொல்லும் புகார் இது.

இப்போ நிலக்கரிச் சாம்பலுக்கே மவுசு. 2025 ஜனவரியில் ஒப்புதலான தேசிய முக்கியக் கனிமங்கள் இயக்கத்தில், சாம்பல் உள்ளிட்ட கழிவுகளிலிருந்து கனிமம் எடுக்கும் சோதனைத் திட்டங்களுக்கு ரூ.100 கோடி. ஏப்ரலில் அரிய மண் தனிமங்கள் சிலவற்றின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டது. மின்சார வாகன மோட்டாருக்கே சிக்கல்.

எப்படி எடுப்பார்கள்? சாம்பலை அமிலத்தில் ஊறவைத்து, கரைந்து வரும் உலோகங்களைப் பிரிப்பார்கள். ஆனால் ஒரு டன்னில் அரிய மண் தனிமங்கள் மொத்தமே சில நூறு கிராம்தான். சாம்பலின் பெரும்பகுதி அப்படியே மிஞ்சும், கூடவே அமிலக் கழிவும். சாம்பலை டன் கணக்கில் காலி செய்வது இன்றைக்கும் சிமென்ட் ஆலை, செங்கல் தயாரிப்பு, சாலைப் பணி போன்றவைதான்.