மயில் கழுத்து நிறத்தில் ஒரு சுவர்!

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் புது வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு பில்டர் கொடுப்பது பெரும்பாலும் வெள்ளைச் சுவர்தான். சில மாதங்கள் போனதும், 'ஹாலில் ஒரு சுவருக்காவது டர்க்கைஸ் அடித்தால் எப்படி இருக்கும்?' என்ற ஆசை எட்டிப்பார்க்கும். நீலமும் பச்சையும் கலந்த இந்த நிறம் கண்ணுக்குக் குளிர்ச்சி. நம் ஊர் வெயிலுக்கு இதமாகவும் இருக்கும். ஆனால், ஆசை ஆசையாக அடித்த சுவர் அடுத்த மழையிலேயே உரிந்தால் பணமும் போச்சு, மனசும் விட்டுப்போகும். டப்பாவைத் திறக்கும் முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது.

ஷேடு கார்டு பீரோவிலேயே இருக்கிறது!

டர்க்கைஸ் என்பது ஒரு கல்லின் பெயர். ஈரானின் நிஷாப்பூர் சுரங்கங்கள் இதற்குப் பேர்போனவை. துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால், 'துருக்கிக் கல்' என்ற பொருளில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் நிறத்துக்கும் ஒட்டிக்கொண்டது. நம் வீடுகளுக்கு இது பழகிய நிறம்தான். பட்டுப்புடவைக் கடையில் ஆனந்தா புளூ, ராமர் பச்சை, மயில் கழுத்து என்று கேட்டு வாங்குவதெல்லாம் இதற்குச் சொந்தக்கார நிறங்களே.

எனவே, ஷேடு கார்டில் உள்ள சின்னத் துண்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அந்த நிறத்தில் ஒரு பருத்திப் புடவையோ, துப்பட்டாவோ எடுத்து, பெயின்ட் அடிக்க நினைக்கும் சுவரில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். காலையில், மாலை வெயிலில், இரவு விளக்கில் என்று மூன்று வேளையும் பாருங்கள். மஞ்சள் விளக்கில் நிறம் பச்சைப் பக்கம் சாயும், வெள்ளை எல்.இ.டி-யில் நீலம் தூக்கலாகத் தெரியும். பக்கத்துக் கட்டடம் மறைக்கும் அறையில் அடர் நிறம் இருட்டடிக்கும். அங்கே இரண்டு படி வெளிறிய நிறம் போதும். பிடித்துப்போனால் அந்தத் துணியையே பெயின்ட் கடைக்குக் கொண்டுபோங்கள். அதே நிறத்தை இயந்திரத்தில் கலந்து கொடுக்கும் கடைகள் இருக்கின்றன.

பொங்கலுக்கு அடிக்கலாமா?

பொங்கலுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். ஆனால் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். மார்கழியில் சுவர் ஈரத்தைக் குடித்துவிட்டு நிற்கும். பாட்டி காலத்தில் அது பிரச்னையாகவில்லை. சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடித்தார்கள். சுண்ணாம்பு, ஈரச் சுவரிலும் பிடிக்கும். உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடும்.

இன்றைய எமல்ஷன் பெயின்ட், சுவர் மேல் தோல் போலப் படிகிறது. ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கட்டும். நீரோடு மேலே வரும் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். வெள்ளைச் சுவரில் கண்ணில் படாத உப்பு, டர்க்கைஸ் சுவரில் பளிச்சென்று தெரியும்!

ஏரிகளும் சதுப்புநிலமும் சூழ்ந்த தென் புறநகரில் இதை அலட்சியப்படுத்த முடியாது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது தாம்பரத்தில். அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி நீரில் நின்ற சுவர்கள் மேலுக்குக் காய்ந்ததுபோல் தெரிந்தாலும், அவற்றில் தங்கிய உப்பு ஒவ்வொரு மழைக்கும் வெளியே வரலாம்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஓர் அடி நீள, அகலமுள்ள பாலித்தீன் துண்டை, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் நீர் முத்துகள் இருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை. குழாய்க் கசிவு, குளியலறைச் சுவர், மொட்டைமாடி விரிசல் என்று காரணத்தைத் தேடிச் சரிசெய்த பிறகே பெயின்ட். ஓதம் ஏறிய சுவர் என்றால் பொங்கலைத் தாண்டி மாசி, பங்குனி வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம். புதிதாகப் பூசிய சுவராக இருந்தால் குறைந்தது நான்கு வாரங்களாவது காயட்டும்.

பழைய பெயின்ட்... ஜாக்கிரதை!

கிழக்குத் தாம்பரம், குரோம்பேட்டை பக்கத்துப் பழைய தனிவீடுகளில் கதவு, ஜன்னல், கிரில்லுக்கு அடித்த இனாமல் பெயின்ட் பல அடுக்குகளாக இருக்கும். அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயின்டை உலர்வாகச் சுரண்டினால் தூசு பறக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். தண்ணீர் தெளித்து, ஈர உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை செய்பவர்களும் முகக்கவசம் போட வேண்டும். அந்த நாள்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் தரையை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பெருக்கினால் தூசு மறுபடியும் கிளம்பும்.

எதோடு சேரும்?

நான்கு சுவரிலும் டர்க்கைஸ் அடித்தால் சீக்கிரமே சலித்துவிடும். ஒரு சுவர் போதும். பத்துக்கு ஒன்பது அடி சுவருக்கு இரண்டு கோட் அடிக்க ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் பெயின்ட் போதுமானது. மற்ற மூன்று சுவர்களும் வெள்ளை அல்லது சந்தன நிறத்தில் இருக்கட்டும்.

நிறச் சக்கரத்தில் டர்க்கைஸுக்கு எதிரில் இருப்பவை ஆரஞ்சும் செம்மண் சிவப்பும். அதனால்தான் சிவப்பு ஆக்சைடு தரை, சுடுமண் தொட்டி, பித்தளைக் குத்துவிளக்கு, பிரம்பு நாற்காலி எல்லாம் அதன் முன்னால் எடுப்பாக நிற்கின்றன. அம்மா வீட்டிலிருந்து வந்து பரணில் தூங்கும் பித்தளை அண்டாவைத் துலக்கி அந்தச் சுவரோரம் வைத்துப் பாருங்கள்!

வாடகை வீடா?

ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியிருக்கும்போது சுவரில் எங்கே கைவைப்பது? குஷன் உறை, திரைச்சீலை, மேஜை விரிப்பு என்று துணியிலேயே இந்த நிறத்தைக் கொண்டுவரலாம். ஜரிகை இற்றுப்போன பழைய மயில் கழுத்துப் புடவை இருந்தால் இன்னும் நல்லது. கிழியாத பகுதியை வெட்டி ஜன்னல் திரையாகத் தைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறும்போது திரையும் கூடவே வரும்.