நிலவேம்பும் நிரூபிக்கும் பொறுப்பும்

2012-இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரைப் பரிந்துரைத்தது. அதுமுதல் காய்ச்சல் காலம் வந்தாலே ஊர்தோறும் இலவச விநியோகம் நடக்கிறது, குடியாத்தமும் விலக்கல்ல. 2017 அக்டோபரில், ஆய்வு முடிவுகள் வரும்வரை விநியோகிக்க வேண்டாம் என நடிகர் கமல்ஹாசன் தம் இயக்கத்தாரைக் கேட்டுக்கொண்டார். அப்போது எழுந்த சர்ச்சை, மரபின் மானப் பிரச்சினையாகத் திரிந்து அடங்கியது. கேள்வி அப்படியே நிற்கிறது.

1990-இல் திருச்சி ஆய்வாளர்கள், நிலவேம்பு இலைப்பொடி ஆண் எலிகளின் இனப்பெருக்கத் திறனைப் பாதித்ததாக எழுதினர். 1997-இல் சிலி நாட்டு ஆய்வாளர்கள் அதன் உலர்சாற்றை, எலியின் உடல் எடையில் கிலோவுக்கு 1,000 மி.கி. வரை 60 நாள் கொடுத்தும் விந்தகத்தில் பாதிப்பைக் காணவில்லை. ஒன்று பொடி, மற்றது சாறு. நாம் குடிப்பதோ சுக்கு, மிளகு, வெட்டிவேர், பற்படாகம் உள்ளிட்ட ஒன்பது சரக்குகளின் கஷாயம். முதல் ஆய்வைக் காட்டி அச்சுறுத்துவதும், இரண்டாவதைக் காட்டி ஆறுதல் சொல்வதும் ஒரே பிழைதான்.

விலங்கு ஆய்வுக்கும் எல்லை உண்டு. கிலோவுக்கு 2,000 மி.கி. ஒரே வேளை கொடுத்து 14 நாள் கவனிப்பது உடனடி நச்சுத்தன்மையை மட்டுமே காட்டும். தொடர்ந்து அருந்துவதன் விளைவை அறிய 90 நாள் ஆய்வு தேவை. அதுவும் ஒவ்வாமையை உணர்த்திவிடாது. நிலவேம்பால் கடும் ஒவ்வாமை நேரக்கூடும் என்பதை ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் ஆராய்ந்தது, மனிதர்களிடம் பதிவான நிகழ்வுகளைக் கொண்டே.

பண்டைய நூல்களில் சொன்னபடி, சொன்ன நோய்க்கே தயாரிக்கப்படும் மருந்துக்குப் பாதுகாப்பு ஆய்வு கட்டாயமில்லை என்கிறது மருந்து விதி 158-பி. நெடுங்காலப் பயன்பாடும் ஒரு சான்றுதான். ஆனால், வைத்தியர் நாடி பார்த்து நோயாளிக்குக் கொடுப்பது வேறு. நோயற்ற ஆயிரக்கணக்கானோருக்கு வரிசையில் நிறுத்தி வழங்குவது வேறு.

அப்படியானால் ஆய்வுக்குச் செலவிடுவது யார்? பொதுச் சொத்தான ஒரு கஷாயத்துக்குக் காப்புரிமை பெற முடியாது. ஆகவே எந்த நிறுவனமும் முதலிடாது. சந்தை கைவிடும் இத்தகைய பொதுநன்மையை அரசுதான் ஏற்க வேண்டும் என்பது பொருளியலின் பாலபாடம்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. தோல் பதனிடும் கழிவால் பாலாறு பாழான வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை நிலைநாட்டியது: தீங்கில்லை என நிரூபிக்கும் பொறுப்பு, செயலைச் செய்பவருடையது. ஆலைகளுக்குச் சொன்ன நீதி அரசுக்கும் பொருந்த வேண்டாமா?

விநியோகிக்கும் அதே கலவையில் முறையான நீண்டகால நச்சியல் ஆய்வு நடத்தி, சாதகமோ பாதகமோ, முழுத் தரவையும் வெளியிட வேண்டும். அரைகுறை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் எலிகளைப் பலியிடுவதும் அதனால் குறையும். ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய வேண்டும். நிலவேம்பு நல்லதென்றால், சோதனை அதன் மதிப்பை உயர்த்தவே செய்யும்.