பாகம் மாற்றுபவர் வேறு, பழுது கண்டுபிடிப்பவர் வேறு

2019 ஆகஸ்டு மாதத்தில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் பல நாள்கள் தடுமாறியது. விமான நேரங்களைக் காட்டும் திரைகள் செயலிழந்தன. பயணப் பதிவு முகப்புகளில் வரிசை நீண்டது. பணியாளர்கள் வெள்ளைப் பலகையில் விமான எண்களைக் கையால் எழுதிப் பயணிகளுக்குக் காட்டினார்கள். வலைப்பின்னல் கோளாறுதான் காரணம் என்று நிர்வாகம் அறிவித்தது. ராக்கில் பொருத்தப்படும் முதன்மைச் சுவிட்சுகளை மாற்றி, சோதித்து, கண்காணித்த பிறகே நிலைமை சீரானது.

அவ்வளவு பெரிய விமான நிலையம் சில உலோகப் பெட்டிகளை நம்பித்தான் இயங்குகிறது என்பதை அந்த நாள்களில் நாடே பார்த்தது.

மாணவர்களே, கணினித் துறை என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது செயலி எழுதுவதும் செயற்கை நுண்ணறிவும்தான். அவை யாவும் ஓடுவது சர்வர்களில். சர்வர்கள் 19 அங்குல அகலமுள்ள ராக்கில் அடுக்கடுக்காகச் செருகப்பட்டிருக்கும். அதன் உயரத்தை 'யு' என்ற அளவால் சொல்வார்கள். ஒரு யு என்பது 1.75 அங்குலம். அந்தத் தட்டையான பெட்டிக்குள் செயலி, நினைவகம், வட்டு, மின்வழங்கி, விசிறி எல்லாம் உண்டு. இவற்றில் எதுவும் ஒருநாள் பழுதாகலாம். அப்போது யாராவது ஒருவர் மூடியைத் திறந்தாக வேண்டும். அந்த ஒருவர் பேராக்கிலிருந்து போகும் நம் பிள்ளையாக இருக்கலாம் என்பதும், அவர் வெறும் பாகம் மாற்றுபவராக நின்றுவிடக் கூடாது என்பதும்தான் என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டு. சர்வரின் பதிவேடு, 'ஏ3' இடத்திலுள்ள நினைவகத்தில் பிழை என்று காட்டுகிறது. பாகம் மாற்றுபவர் புதிய நினைவகம் வரவழைத்து, ஏ3-இல் செருகி, கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். இரண்டு நாளில் அதே இடத்தில் அதே பிழை வந்தால் இன்னொரு நினைவகம் வரவழைப்பார். பழுது கண்டுபிடிப்பவர் அப்படிச் செய்வதில்லை. அனுமதி பெற்று, சர்வரை முறைப்படி நிறுத்தி, ஏ3-இல் உள்ளதை பி3-க்கும், பி3-இல் உள்ளதை ஏ3-க்கும் மாற்றிப் போடுவார். பிழை நினைவகத்தோடு சேர்ந்து பி3-க்குப் போனால் நினைவகம் கெட்டிருக்கிறது. ஏ3-லேயே தங்கினால் குற்றம் செருகுவாயிலோ, தாய்ப்பலகையிலோ, செயலியிலோ இருக்கிறது. ஒரு வெள்ளிகூடச் செலவில்லாத சோதனை இது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, என்ன ஆனது என்று பார், எழுதி வை. இந்தத் தொழிலின் இலக்கணம் இவ்வளவுதான்.

வட்டு விஷயத்தில் இந்தப் பொறுமை இன்னும் முக்கியம். 'ரெய்டு 5' முறையில் பல வட்டுகள் ஒரே குழுவாக இயங்கும். ஒரு வட்டு கெட்டாலும் தரவு பிழைக்கும். இரண்டாவதும் போனால் மொத்தமும் போகும். கெட்ட வட்டுக்கு அருகில் மஞ்சள் விளக்கு எரிகிறது. அவசரத்தில் பக்கத்திலுள்ள நல்ல வட்டை இழுத்துவிட்டால் குழு முழுவதும் சரிந்துவிடும். ஒரு கிளினிக்கின் நோயாளிப் பதிவுகளோ, ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளோ அதில் இருக்கலாம். அதனால்தான் தேர்ந்தவர்கள் முதலில் நகல் இருக்கிறதா என்று கேட்பார்கள்; பிறகு வட்டின் வரிசை எண்ணை இருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கை அதற்குப் பிறகுதான் நீளும்.

பல வேளைகளில் பழுது பெட்டிக்குள்ளேயே இருக்காது. நல்ல சர்வரில் இரண்டு மின்வழங்கிகள் இருக்கும். ஒன்று போனால் மற்றது தாங்கும். இரண்டையும் ஒரே மின்பலகையில் செருகி வைத்திருந்தால், அந்தப் பலகை போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். மாலை இடியும் மின்னலும் நமக்குப் புதிதல்ல. அப்படியொரு மழைக்குப் பிறகு சர்வர் எழவில்லை என்றால், சுவரிலிருந்து தொடங்கி உள்நோக்கி வர வேண்டும்: மின்வாய், யு.பி.எஸ்., மின்பலகை, கம்பி, கடைசியாக மின்வழங்கி.

வெப்பமும் அப்படித்தான். 2023 அக்டோபர் 14-ஆம் தேதி சிங்கப்பூரில் டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரு வங்கிகளின் சேவைகள் முடங்கின. சுமார் 25 லட்சம் பணப் பரிமாற்றங்கள் நிறைவேறவில்லை. காரணம் சர்வரில் இல்லை. தரவு மையத்தின் குளிரூட்டும் கட்டமைப்பை மேம்படுத்தும் வேலையின்போது, குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகளை மூடும்படி ஒப்பந்ததாரர் ஒருவர் தவறான கட்டளை அனுப்பிவிட்டார். அறை சூடாகி, கருவிகள் நின்றன. அன்று எத்தனை சர்வர்களைத் திறந்து பாகம் மாற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

இனி நம் ஊருக்கு வருவோம். சுங்கை சிப்புட், சிம்மோர், கம்பார், பீடோர் என்று பேராக்கின் பல பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களின் வேர் ரப்பர்த் தோட்டங்களில் இருக்கிறது. மரம் சீவியவர்கள் பட்டையை வெட்ட வேண்டிய ஆழத்தைக் கண்ணாலும் கையாலும் அறிந்திருந்தார்கள். சற்று ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோட்டமாகப் போனால் பால் குறையும். தோட்டத்து ஆலைகளில் பால்கட்டியை உருட்டித் தகடாக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். இயந்திரம் நின்றாலும் உறைகிற பால் காத்திருக்காது. சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று அறிய வேண்டிய வேலை அது.

அந்தத் திறமைக்கு என்ன ஆனது? தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் நிலம் மாறியது. பட்டணத்துக்கு வந்தவர்களில் பலரிடம் திறமை இருந்தது. அதைச் சொல்லும் காகிதம் இல்லை. எனவே அந்தத் திறமைக்கு விலையும் இல்லை. இன்று நிலைமை தலைகீழாகும் ஆபத்து இருக்கிறது. பிள்ளைகள் கையில் சான்றிதழ் இருக்கும். ஆனால் ஒரு சர்வரின் மூடியைக்கூடத் திறந்து பழகியிருக்க மாட்டார்கள். அன்று திறமைக்குக் காகிதம் இல்லாமல் தோற்றோம். இன்று காகிதத்துக்குத் திறமை இல்லாமல் தோற்கக் கூடாது.

வாய்ப்புகள் பக்கத்திலேயே உள்ளன. நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் பாலிடெக்னிக் 1969-இல் தொடங்கப்பட்டது நம் ஈப்போவில்தான். ஈப்போவில் தொழிற்பயிற்சிக் கழகமும் தொழிற்கல்லூரியும் உண்டு. தைப்பிங்கில் அட்டெக் இருக்கிறது. எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் வழங்கப்படுகிறது. அதற்கு மேல் டிப்ளோமா, உயர்நிலை டிப்ளோமா என்று ஐந்தாம் நிலைவரை ஏறலாம். திறன் பயிற்சிக்குப் பி.டி.பி.கே. கடனுதவி இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்பவர்கள் இவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும்.

பயிற்சி நிலையங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உத்தரவாதக் காலம் முடிந்த சர்வர்களை நிறுவனங்கள் கழித்துக்கட்டுகின்றன. வட்டுகளை நீக்கிவிட்டு அந்தப் பெட்டிகளைக் கேட்டு வாங்கலாம். ஆசிரியர் வேண்டுமென்றே ஒரு பழுதை வைக்கட்டும்: தளர்ந்த கம்பி, தீர்ந்துபோன பொத்தான் மின்கலம், பாதி செருகிய நினைவகம். மாணவர்கள் தேடட்டும். யார் விரைவாக முடித்தார் என்பதற்கு மதிப்பெண் தராமல், என்ன நினைத்தார், எதைச் சோதித்தார், எதை விலக்கினார் என்று எழுதிய குறிப்புக்குத் தரட்டும். பாதுகாப்பும் அங்கேயே பழக வேண்டும்: நிலைமின்சாரத்தைத் தடுக்கும் மணிக்கட்டுப் பட்டை அணிவது, கனமான பெட்டியை இருவர் தூக்குவது, மின்னிணைப்பை எடுத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கலாம் என்பதால் மின்வழங்கியைப் பிரிக்காமல் முழுதாக மாற்றுவது.

குறிப்பு எழுதுவதைச் சின்ன வேலையாக நினைக்காதீர்கள். 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி, ஹார்வர்டு மார்க் 2 கணினியின் 70-ஆம் எண் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதைக் கண்டவர்கள் தூக்கி எறிந்துவிடவில்லை. நேரத்தையும் இடத்தையும் எழுதி, பூச்சியையும் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. எழுதி வைத்த பழுதுதான் அடுத்தவருக்குப் பாடமாகும்.

"எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டதே, இனி இந்த வேலை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கிளவுடு என்பது வேறொருவர் இடத்தில் இருக்கும் சர்வர்தான். ஜொகூரிலும் சைபர்ஜெயாவிலும் தரவு மையங்கள் எழுகின்றன. அங்கேயும் விசிறி தேயும், வட்டு கெடும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று மென்பொருளே சொல்லிவிடுமே என்பார்கள். பல நேரம் சொல்லும். அது சொன்னபடி மாற்றியும் பழுது தீராதபோது என்ன செய்வது என்று தெரிந்தவரைத்தான் நிறுவனம் தேடும். இந்த வேலையில் இரவுப் பணி உண்டு, விசிறிகளின் இரைச்சல் உண்டு, பேராக்கை விட்டு வெளியூர் போக வேண்டிய நிலையும் வரலாம். இதையெல்லாம் தெரிந்துகொண்டே தேர்ந்தெடுங்கள். பெற்றோரும் இதை 'ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற வேலை' என்று ஒதுக்க வேண்டாம். ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பெரும்பகுதி வேலை மூளையில் முடிந்துவிடுகிறது.

அடுத்த முறை ஒரு கல்லூரியின் அறிமுக நாளுக்குப் போனால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் படிப்பில் என் கையாலேயே எத்தனை சர்வர்களைத் திறப்பேன்? பழுதை நானே தேடும் பயிற்சி உண்டா? நான் எழுதும் பழுதுக் குறிப்பை யாராவது படித்துத் திருத்துவார்களா? மூன்றுக்கும் தெளிவான பதில் தரும் இடத்தில் சேருங்கள்.