தாத்தா படத்தின் சாவி யார் கையில்?

வீட்டுச் சுவரில் தாத்தாவின் படம் தொங்குகிறது. கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, ஆணியில் மாட்டிய படம். அதைப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். சந்தாவும் கட்ட வேண்டாம்.

இப்போது மின்சாரப் படச் சட்டம் வந்திருக்கிறது. 'டிஜிட்டல் போட்டோ பிரேம்' என்கிறார்கள். ஒரே சட்டத்தில் நூற்றுக்கணக்கான படங்கள் மாறி மாறித் தோன்றும். பாட்டியும் வருவார், பேரனும் வருவான். நல்ல பொருள்தான். ஆனால், பார்த்து வாங்க வேண்டும்!

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மெமரி கார்டு அல்லது பென் டிரைவில் உள்ள படத்தை நேரே காட்டும். மற்றது, கம்பெனியின் கம்ப்யூட்டரில் சேர்த்த படத்தை இண்டர்நெட் மூலம் வாங்கிக் காட்டும். வெளியூரில் இருக்கும் மகன் அங்கிருந்தே படம் அனுப்பலாம். வசதிதான். ஆனால், சாவி கம்பெனியின் கையில்! நாளை சந்தா கேட்டால் கட்ட வேண்டும். கம்பெனியே மூடிவிட்டால், சட்டம் வெறும் பலகை.

இது வீண் பயம் அல்ல. கூகுள் போட்டோஸ் 2015-ல் தொடங்கியது. சுருக்கிய படங்களை எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாக வைக்கலாம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை போயிற்று. அங்குள்ள ஆல்பத்தைத் தாமாகவே எடுத்துக் காட்டிய சட்டங்களும் இருந்தன. 2025 மார்ச் 31-ல் அந்த விதியும் மாறியது. வாங்கியவர் காசு கொடுத்துத்தான் வாங்கினார். விதியை மாற்றும்போது அவரை யாரும் கேட்கவில்லை.

ஆகவே, கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டுப் படங்களைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். "வைஃபை இல்லாமல், செல்போனில் எதையும் ஏற்றாமல், இதை ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஓடினால் வாங்குங்கள். சாக்குச் சொன்னால் வந்துவிடுங்கள். மின்சாரம் போய் வந்த பிறகும் தானாக ஓடுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: 'ஜேபெக்' வகைப் படங்களைப் பெரும்பாலும் எல்லாச் சட்டங்களும் காட்டும். புதிய ஐபோன்கள் வேறு வகையில் சேமிப்பதுண்டு. அதை ஜேபெக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

படங்களுக்கு வேறு இடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும். சட்டம் கெட்டால் வேறு வாங்கலாம். தாத்தாவின் முகத்தை எந்தக் கடையில் வாங்குவது?